இல்லாத பொறிக்கு ஒரு புது வீடு



1970-களின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்லூரியின் கணிப்பொறிக் கூடத்தில் நீங்கள் பணியாற்றுகிறீர்கள். சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரிலிருந்து அஞ்சலில் ஒரு பொட்டலம் வருகிறது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு காந்த நாடா. கூடவே சில தாள்கள். பாஸ்கல் என்ற புதிய கணிப்பொறி மொழிக்கான கம்பைலர் அந்த நாடாவில் இருக்கிறது. கம்பைலர் என்பது நாம் எழுதும் நிரலைப் பொறிக்குப் புரியும் ஆணைகளாக மாற்றித் தரும் மொழிமாற்றி.

மகிழ்ச்சியோடு தாள்களைப் படிக்கிறீர்கள். படித்ததும் திகைத்துப் போகிறீர்கள். அந்தக் கம்பைலர் உங்கள் கூடத்திலுள்ள கணிப்பொறியின் ஆணைகளில் இல்லை. சூரிச்சில் உள்ள கணிப்பொறியின் ஆணைகளிலும் இல்லை. எந்தத் தொழிற்சாலையும் செய்யாத, எந்த அறையிலும் இல்லாத ஒரு பொறியின் ஆணைகளில் அது எழுதப்பட்டிருக்கிறது!

இல்லாத பொறிக்கான நிரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் அத்தகைய நாடாக்களைப் பெற்ற பல கூடங்களில் பாஸ்கல் நன்றாகவே ஓடியது. எப்படி ஓடியது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். முடிவில் அதே வேலையைத் தாளும் பென்சிலும் கொண்டு நீங்களே செய்து பார்க்கலாம்.

ஒவ்வொரு பொறிக்கும் ஒரு மொழி

கணிப்பொறியின் மையச் செயலகத்துக்குப் புரிபவை எண்கள் மட்டுமே. ஒவ்வோர் ஆணைக்கும் ஓர் எண் உண்டு. எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை அந்தப் பொறியை வடிவமைப்பவர்கள் முடிவு செய்கிறார்கள்.

105 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 1975-இல் வெளிவந்த 6502 என்னும் நுண்செயலி அதைக் கண்டால், அடுத்து வரும் எண்ணைத் தன் கையிலுள்ள எண்ணோடு கூட்டும். 1974-இல் வெளிவந்த 8080 என்னும் நுண்செயலி அதே 105-ஐக் கண்டால், 'சி' என்ற தன் பதிவகத்தில் இருப்பதை 'எல்' என்ற பதிவகத்தில் படியெடுக்கும். கூட்டல் எங்கே, படியெடுப்பது எங்கே! ஒன்றுக்காக எழுதிய நிரலை மற்றொன்றில் ஏற்றினால் விடை தவறுவது மட்டுமன்று. பொறி முதல் சில ஆணைகளிலேயே தடுமாறி நின்றுவிடும்.

இதனால் வந்த தொல்லையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 5 கணிப்பொறி மொழிகள் இருக்கின்றன. 6 வகைக் கணிப்பொறிகள் இருக்கின்றன. எல்லா மொழிகளும் எல்லாப் பொறிகளிலும் ஓட வேண்டுமானால் 5 × 6 = 30 கம்பைலர்கள் வேண்டும். ஏழாவதாக ஒரு பொறி சந்தைக்கு வந்தால் மேலும் ஐந்து கம்பைலர்களை எழுத வேண்டும்.

இப்போது நடுவில் ஒரு கற்பனைப் பொறியை வைப்போம். ஐந்து மொழிகளையும் அந்தக் கற்பனைப் பொறியின் ஆணைகளுக்கு மாற்ற 5 கம்பைலர்கள் போதும். அந்த ஆணைகளை ஒவ்வோர் உண்மைப் பொறியிலும் நடத்திக் காட்ட 6 சிறு நிரல்கள் வேண்டும். மொத்தம் 5 + 6 = 11. ஏழாவது பொறி வந்தாலும் இன்னும் ஒரே ஒரு நிரல்தான் வேண்டும். பெருக்கல் கூட்டலாகச் சுருங்கிவிட்டது!

இந்தக் கற்பனைப் பொறியைத்தான் ஆங்கிலத்தில் விர்ச்சுவல் மெஷின் என்கிறார்கள். தமிழில் மெய்நிகர் பொறி எனலாம். அதன் ஆணைகளை உண்மைப் பொறியில் நடத்திக் காட்டும் சிறு நிரலுக்கு இன்டர்ப்ரெட்டர் என்று பெயர். அந்நாளில் வணிகக் கம்பெனிகளில் துபாஷி என்று ஒருவர் இருப்பார். ஒருவர் ஒரு வாக்கியம் சொன்னதும் அதை மற்றவர் மொழியில் உடனே சொல்வார். பிறகு அடுத்த வாக்கியத்துக்குப் போவார். இன்டர்ப்ரெட்டர் செய்வதும் அதே வேலைதான்.

சுரம் எழுதிய தாள்

இது புதிய தந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் இசையில் இது பழகிப்போன ஒன்று. ஒரு கீர்த்தனையைச் சுரப்படுத்தி எழுதிய தாளைப் பாருங்கள். அதில் ச, ரி, க, ம என்று இருக்கும். எந்தத் துளையை மூட வேண்டும், எந்தத் தந்தியை எங்கே அழுத்த வேண்டும் என்று இராது. வீணைக்காரர் அதே தாளைப் பார்த்துத் தந்தியை மீட்டுவார். குழல்காரர் அதே தாளைப் பார்த்துத் துளைகளை மூடித் திறப்பார்.

மேலை நாட்டு வயலின் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருநாடக இசைக்குள் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் முதலாமவராகப் பாலுசுவாமி தீட்சிதரைக் குறிப்பிடுவார்கள். அதற்காக யாரும் கீர்த்தனைகளைத் திருத்தி எழுதவில்லை. வயலினில் எந்தச் சுரம் எங்கே பிறக்கிறது, கமகத்தை எப்படி அசைக்க வேண்டும் என்பதைக் கண்டறிந்தார்கள். அவ்வளவு செய்ததும் அதுவரை இருந்த எல்லாக் கீர்த்தனைகளும் வயலினுக்கு உரியவை ஆகிவிட்டன.

மெய்நிகர் பொறியைப் புதிய கணிப்பொறிக்குக் குடியேற்றுவதும் இதுவே. கீர்த்தனைகளைத் தொடக்கூடாது. வாத்தியத்தில் சுரங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஐந்து ஆணைகள் கொண்ட பொறி

ஒரு சிறிய மெய்நிகர் பொறியை நாமே அமைப்போம். விருந்தில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள் அல்லவா? வைப்பதும் மேலே, எடுப்பதும் மேலிருந்துதான். நம் பொறியின் நினைவகமும் அத்தகைய ஓர் அடுக்கு. ஒவ்வொரு தட்டிலும் ஓர் எண் இருக்கும். நம் பொறிக்குத் தெரிந்த ஆணைகள் ஐந்து:

1 — இடு. அடுத்து வரும் எண்ணை அடுக்கின் மேல் வை.
2 — கூட்டு. மேலேயுள்ள இரண்டு எண்களை எடுத்துக் கூட்டி, விடையை மேலே வை.
3 — பெருக்கு. மேலேயுள்ள இரண்டு எண்களை எடுத்துப் பெருக்கி, விடையை மேலே வை.
4 — அச்சிடு. மேலேயுள்ள எண்ணை எடுத்து எழுதிக் காட்டு.
0 — நிறுத்து.

இனி இந்த எண் வரிசையைப் பாருங்கள்:

1 3 1 4 2 1 5 3 4 0

முதலில் 1, அதாவது 'இடு'. எதை? அடுத்துள்ள 3-ஐ. அடுக்கில் இப்போது 3 இருக்கிறது. மீண்டும் 1; இம்முறை 4-ஐ இடுகிறோம். அடுத்து 2; மேலே உள்ள 4-ஐயும் 3-ஐயும் எடுத்துக் கூட்டி 7-ஐ வைக்கிறோம். பிறகு 1 5. அடுக்கில் 7-இன் மேல் 5. அடுத்த 3 'பெருக்கு' என்ற ஆணை, விடை 35. அடுத்த 4 'அச்சிடு'. 35 என்று எழுதுகிறோம். கடைசியாக 0, நிறுத்திவிடுகிறோம்.

(3 + 4) × 5 என்ற கணக்கைத்தான் அந்தப் பத்து எண்கள் சொல்லின. ஒன்றைக் கவனித்தீர்களா? 3 என்ற எண் ஓரிடத்தில் வெறும் எண்ணாக வந்தது. மற்றோரிடத்தில் 'பெருக்கு' என்ற ஆணையாக வந்தது. எங்கே எது என்பதை வரிசையே தீர்மானித்தது.

இப்போது நீங்கள் செய்ததே இன்டர்ப்ரெட்டரின் வேலை. ஆணையை எடு, அதன் பொருளை அறி, அதன்படி செய், மீண்டும் அடுத்ததை எடு. 'நிறுத்து' வரும்வரை இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் மூளையும் தாளும் பென்சிலும் சேர்ந்து, இல்லாத ஒரு பொறியைச் சற்று நேரம் இருப்பதாக்கின.

சூரிச்சிலிருந்து வந்த நாடா

பாஸ்கல் மொழியை உருவாக்கியவர் நிக்லாஸ் விர்த். அவர் சூரிச்சிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். முதல் பாஸ்கல் கம்பைலர் 1970-இல் சி.டி.சி. 6000 வகைப் பெருங்கணிப்பொறியில் இயங்கியது. மற்ற ஊர்களிலும் பாஸ்கலைக் கேட்கத் தொடங்கினார்கள். ஆனால் அந்த ஊர்களில் இருந்தவை வேறு வேறு கணிப்பொறிகள்.

எனவே விர்த்தின் குழுவினர் நம்முடையதைப் போன்ற ஓர் அடுக்குப் பொறியைத் தாளில் வடிவமைத்தார்கள். நம் பொறியில் ஐந்து ஆணைகள். அவர்கள் பொறியில் ஏறத்தாழ 60. அந்த ஆணைகளுக்கு பி-கோட் என்ற பெயர் நிலைத்தது. இதைப் பற்றிய செயல்முறைக் குறிப்பேடு 1974-இல் வெளிவந்தது. அதை எழுதியவர்களில் ஒருவர் கேசவ் நோரி என்ற இந்தியர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

பொட்டலத்தில் மூன்று பொருள்கள் இருந்தன. ஒன்று, பாஸ்கல் மொழியிலேயே எழுதப்பட்ட கம்பைலர். இரண்டு, அதே கம்பைலர் பி-கோட் ஆணைகளாக மாற்றப்பட்ட வடிவத்தில். மூன்று, பி-கோட் பொறி எப்படி இயங்க வேண்டும் என்பதைக் காட்டும் மாதிரி இன்டர்ப்ரெட்டர்.

பெறுபவர் என்ன செய்ய வேண்டும்? மாதிரியைப் பார்த்து, தம் கணிப்பொறிக்குத் தெரிந்த மொழியில் ஓர் இன்டர்ப்ரெட்டரை எழுத வேண்டும். அதன் மேல் இரண்டாவது பொருளை, அதாவது பி-கோட் வடிவக் கம்பைலரை ஓடவிட வேண்டும். உடனே அந்தக் கூடத்தில் பாஸ்கல் கம்பைலர் ஒன்று உயிர் பெற்றுவிடும்.

எழுதிய இன்டர்ப்ரெட்டர் சரியானதுதானா என்று எப்படி அறிவது? இங்கேதான் ஓர் அழகான சோதனை இருக்கிறது. புதிதாக ஓடத் தொடங்கிய கம்பைலருக்கு முதல் பொருளை, அதாவது பாஸ்கலில் எழுதிய அதே கம்பைலரை, உணவாகக் கொடுங்கள். தன்னையே தான் மொழிமாற்றட்டும்! வெளிவரும் பி-கோட், சூரிச்சிலிருந்து வந்த பி-கோட்டுடன் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் உங்கள் இன்டர்ப்ரெட்டரில் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள்.

ஒத்திருந்தால் எல்லாம் சரி என்று உறுதி கூறலாமா? கூற முடியாது. கம்பைலர் எழுத்துகளையும் முழு எண்களையும் கையாளுகிறது. தசம எண்களைப் பெருக்கி வகுக்கும் வேலை அதற்கு அரிது. எனவே தசமக் கணக்கில் பிழை இருந்தாலும் இந்தச் சோதனையில் அது தப்பிவிடும். சோதனை தொடாத இடத்தில் பிழை தூங்கிக்கொண்டிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

சிறு பொறிகளில் குடியேற்றம்

அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கென்னத் போல்ஸ் என்ற பேராசிரியர் இருந்தார். மாணவர்கள் ஒரு பெருங்கணிப்பொறிக்காகக் காத்துக் கிடப்பதைவிட, சிறு கணிப்பொறிகளில் பாஸ்கல் கற்பது நல்லது என்று அவர் கருதினார். ஆனால் அந்நாளில் புதுப் புது நுண்செயலிகள் வந்துகொண்டே இருந்தன. இன்று ஒன்றுக்காக எழுதியது நாளை வீணாகலாம். எனவே அவரும் அவருடைய மாணவர்களும் பி-கோட் வழியையே தேர்ந்தெடுத்தார்கள். எல்.எஸ்.ஐ.-11, 8080, இசட்-80, 6502 என்று பல வகைப் பொறிகளில் அவர்களுடைய பி-சிஸ்டம் குடியேறியது. 1979-இல் ஆப்பிள்-2 கணிப்பொறிக்கும் அது வந்தது.

இந்தக் குடியேற்றம் எவ்வளவு உழைப்பைக் கேட்டது என்று 6502-ஐக் கொண்டு பார்ப்போம். பி-சிஸ்டத்தின் மெய்நிகர் பொறி 16 பிட் எண்களைக் கையாளும். 6502-க்கு ஒரே நேரத்தில் 8 பிட்தான் தெரியும். எனவே ஒரு கூட்டலை இரண்டாகப் பிரித்து, முதலில் கீழ்ப் பாதியைக் கூட்டி, மீதியை எடுத்துச் சென்று மேல் பாதியில் சேர்க்க வேண்டும். நீங்கள் இரண்டிலக்க எண்களைக் கூட்டும்போது செய்வதுதான். பெருக்கலோ அந்த நுண்செயலிக்கு அறவே தெரியாது. ஆகவே மெய்நிகர் பொறியின் 'பெருக்கு' என்ற ஒரே ஆணைக்காக, இடம்பெயர்த்தலையும் கூட்டலையும் மாறி மாறிச் செய்யும் ஒரு சிறு நிரலை எழுத வேண்டியிருந்தது.

திரையிலும் சிக்கல் எழுந்தது. பி-சிஸ்டம் ஒரு வரியில் 80 எழுத்துகளை எதிர்பார்த்தது. ஆப்பிள்-2 திரையில் 40-தான் தெரியும். என்ன செய்தார்கள் தெரியுமா? 80 எழுத்து அகலமுள்ள திரை இருப்பதாகவே நிரல்களிடம் சொன்னார்கள். உட்கார்ந்திருப்பவருக்கு இடப்பாதியை மட்டும் காட்டினார்கள். விசைப்பலகையில் குறிப்பிட்ட விசைகளை அழுத்தினால் வலப்பாதி தோன்றும்! நிரலுக்கு அளித்த வாக்கு காப்பாற்றப்பட்டது. குறையை ஏற்றுக்கொண்டது இடையிலுள்ள அடுக்கு.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1979-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பி-கோட் ஆணைகளை நேரடியாகவே நிறைவேற்றும் கணிப்பொறி ஒன்றை வெளியிட்டது. தாளில் மட்டுமே இருந்த பொறி இரும்பும் சிலிக்கனுமாகப் பிறந்துவிட்டது.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை அறிவித்தபோது, அதற்கென மூன்று இயக்க அமைப்புகளைக் குறிப்பிட்டது. அவற்றில் பி-சிஸ்டமும் ஒன்று. ஆனால் டாஸ் மிக மலிவாகக் கிடைத்தது. பொறியின் சொந்த ஆணைகளில் எழுதிய நிரல்கள் வேகமாகவும் ஓடின. மக்கள் டாஸையே வாங்கினார்கள். இன்டர்ப்ரெட்டர் ஒவ்வோர் ஆணையையும் எடுத்து, அறிந்து, செய்வதற்குள் சொந்த ஆணை பல முறை ஓடிவிடும். எங்கும் செல்லும் உரிமைக்கு வேகத்தை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

கால் இடறும் இடங்கள்

புதுப் பொறியில் குடியேற்றுபவர் வழக்கமாக இடறி விழும் இடங்கள் சில உண்டு. இரண்டை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, எண்ணின் அளவு. சி.டி.சி. 6000-இல் ஒரு சொல்லுக்கு 60 பிட். சிறு கணிப்பொறியில் 16 பிட். 16 பிட்டில் −32,768 முதல் 32,767 வரைதான் எழுத முடியும். 200-ஐ 200-ஆல் பெருக்கினால் 40,000 வர வேண்டும். 16 பிட் பொறியில் அது எல்லையைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு −25,536 என்று வந்து நிற்கும். 40,000-இலிருந்து 65,536-ஐக் கழித்துப் பாருங்கள். அதே விடை கிடைக்கும். ஒரே நிரல் ஓரிடத்தில் சரியாகவும் மற்றோரிடத்தில் தவறாகவும் கணக்கிடும். இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. சூரிச் குழுவினர் அளவுகளைக் கம்பைலரின் தொடக்கத்தில் மாறிலிகளாக எழுதி, அந்தந்தப் பொறிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள விட்டார்கள். பிற்காலத்தில், 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜாவா வேறு வழியில் சென்றது. அடியிலுள்ள பொறி எதுவாயினும் சரி, முழு எண் என்றால் 32 பிட்தான் என்று அது வரையறுத்துவிட்டது.

இரண்டாவது, எழுதும் வரிசை. 5-8-1980 என்ற தேதியைப் பார்த்தால் நாம் ஆகஸ்டு 5 என்போம். அமெரிக்கர் மே 8 என்பார். கணிப்பொறிகளிலும் இந்தக் குழப்பம் உண்டு. 1000 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பைட்டில் 255 வரைதான் எழுத முடியும் என்பதால் அதை இரண்டு பைட்டுகளில் எழுத வேண்டும். 1000 = 3 × 256 + 232. சில பொறிகள் 3, 232 என்று பெரிய பாதியை முன்னால் வைக்கும். சில பொறிகள் 232, 3 என்று சிறிய பாதியை முன்னால் வைக்கும். ஒன்று எழுதியதை மற்றொன்று அப்படியே படித்தால் 232 × 256 + 3 = 59,395 ஆகிவிடும். ஆயிரம் ரூபாய்க் கடன் அறுபதாயிரத்தை எட்டிவிட்டது போல!

'கலிவரின் பயணங்கள்' நூலில், முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்று இரு கூட்டத்தார் சண்டையிடுவார்கள். டேனி கோஹென் என்பவர் 1980-இல் எழுதிய கட்டுரையில் அந்தச் சண்டையின் பெயரையே இந்த வேற்றுமைக்கும் வைத்தார். ஜாவாவின் கோப்புகளில் பெரிய பாதியே முன்னால் வரும். இன்டெல் பொறிகள் சிறிய பாதியை முன்னால் வைப்பவை. எனவே இன்டெல் பொறியில் குடியேறிய ஜாவா, கோப்பிலிருந்து படிக்கும் எண்களை இடம் மாற்றியே பயன்படுத்த வேண்டும். இதைச் செய்வது நிரல் எழுதியவரின் கடமையன்று. மெய்நிகர் பொறியைக் குடியேற்றுபவரின் கடமை.

வேகம் வந்தது; வில்லங்கமும் வந்தது

மெதுவாக ஓடும் குறைக்கு ஜாவாவைப் போன்ற பொறிகள் ஒரு வழி கண்டன. ஒரே பகுதியை ஆயிரம் முறை மொழிபெயர்த்துக்கொண்டிருப்பானேன்? அடிக்கடி ஓடும் பகுதியைக் கண்டுபிடித்து, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை உண்மைப் பொறியின் சொந்த ஆணைகளாக மாற்றி எழுதிவிடலாம் அல்லவா? துபாஷி, திரும்பத் திரும்பக் கேட்ட பேச்சைத் தாளில் மொழிபெயர்த்து வைத்துக்கொள்வது போல.

இதனால் வேகம் மிகக் கூடியது. ஆனால் குடியேற்றும் வேலையும் கடினமாயிற்று. இப்போது புதுப் பொறியின் ஆணைகளையும், அதன் குணங்களையும் நுணுக்கமாக அறிந்தாக வேண்டும். இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

மையச் செயலகம் அண்மையில் படித்த ஆணைகளைக் கைக்கெட்டும் ஒரு சிறு நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. நாம் நினைவகத்தில் புதிய ஆணைகளை எழுதிய பிறகும், அது தன் கையிலுள்ள பழைய நகலையே படித்துக்கொண்டிருக்கலாம். இன்டெல் வகைப் பொறிகள் இதைத் தாமே கவனித்துச் சரிசெய்துகொள்ளும். ஏ.ஆர்.எம். வகைப் பொறிகளிடம், 'பழையதை மறந்துவிடு' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால் நிரல் எப்போதாவது ஒரு முறை, காரணம் தெரியாமல் விழும். அத்தகைய பிழையைப் பிடிப்பது மிகக் கடினம்.

மற்றொன்று இது. நீங்கள் தம்பிக்கு முதலில் மணியார்டர் அனுப்பிவிட்டு, பிறகு 'பணம் வந்திருக்கும், வாங்கிக்கொள்' என்று கடிதம் போடுகிறீர்கள். கடிதம் முதலில் போய்ச் சேர்ந்தால் தம்பி வெறுங்கையோடு திரும்புவான். இன்றைய கணிப்பொறிகளில் பல மையச் செயலகங்கள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று எழுதியவை எழுதிய வரிசையிலேயே மற்றதற்குத் தெரியும் என்று இன்டெல் வகைப் பொறிகள் உறுதி தருகின்றன. ஏ.ஆர்.எம். வகைப் பொறிகள் பொதுவாக அந்த உறுதியைத் தருவதில்லை. 'இதை முடித்த பிறகே அது' என்று தனி ஆணையால் கேட்டுப் பெற வேண்டும். ஆகவே இன்டெல் பொறியில் பல ஆண்டுகள் பிழையின்றி ஓடிய பகுதி, ஏ.ஆர்.எம். பொறிக்கு வந்ததும் பிழை காட்டலாம். பிழை புதிதாக வந்ததன்று. அங்கே ஒளிந்திருந்தது இங்கே வெளிப்படுகிறது.

புதுப் பொறி, பழைய முறை

2010-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ரிஸ்க்-ஃபைவ் என்னும் புதிய ஆணைத்தொகுதி பிறந்தது. யாரும் உரிமைத்தொகை செலுத்தாமல் அதைக் கொண்டு மையச் செயலகங்களை வடிவமைக்கலாம். சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வடிவமைக்கப்பட்ட 'சக்தி' செயலிகளும் இந்த ஆணைத்தொகுதியைப் பின்பற்றுபவையே. அவற்றின் சில்லுகள் 2018-இல் இயங்கிக் காட்டின.

செயலி இருந்தால் போதுமா? அதில் ஓட நிரல்கள் வேண்டுமே! உலகில் ஜாவாவில் எழுதப்பட்டுள்ள நிரல்களுக்குக் கணக்கில்லை. அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தி எழுத முடியாது. ஆனால் ஜாவாவின் மெய்நிகர் பொறி ஒன்று குடியேறினால் எல்லாம் பின்தொடர்ந்து வரும்.

புதிய ஆணைத்தொகுதிகளில் ஜாவாவுக்கு முதற்படியாக உதவுவது 'ஜீரோ' என்ற வடிவம். அதில் பொறிக்கென்று தனியாக எழுதிய ஆணைகள் ஏறக்குறைய பூஜ்யம். அதனால் அந்தப் பெயர். மெதுவாகத்தான் ஓடும். ஆனால் ஓடும்! அதை வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சோதிக்கலாம். பிறகு வேகமான இன்டர்ப்ரெட்டர், அதன் பிறகு ஓடும்போதே மொழிமாற்றும் பகுதிகள் என்று படிப்படியாக ஏற வேண்டும். 2022 செப்டம்பரில் வெளிவந்த ஜாவா 19-இல், லினக்ஸ் ஓடும் ரிஸ்க்-ஃபைவ் கணிப்பொறிகளுக்கான முழு வடிவம் சேர்ந்தது. முதலில் மெதுவாக, ஆனால் சரியாக, பிறகே வேகமாக. சூரிச் நாடாவின் காலத்திலும் இதே முறைதான்.

இந்த உழைப்பின் பயன் இன்னொரு வகையிலும் தெரியும். 1980-இல் இன்ஃபோகாம் நிறுவனத்தினர் 'ஸோர்க்' என்ற கதை விளையாட்டைச் சிறு கணிப்பொறிகளுக்குக் கொண்டுவந்தார்கள். அதை அவர்கள் 'இசட்-மெஷின்' என்ற மெய்நிகர் பொறிக்காக எழுதியிருந்தார்கள். அந்நாளைய கணிப்பொறிகள் இன்று காட்சிச்சாலைக்குப் போய்விட்டன. விளையாட்டோ இன்றைய கைப்பேசியிலும் ஓடுகிறது. ஆர்வலர்கள் அந்தப் பொறியின் விதிகளைத் துல்லியமாக எழுதி வைத்து, ஒவ்வொரு புதுக் கருவிக்கும் ஓர் இன்டர்ப்ரெட்டர் எழுதிக்கொண்டே வருகிறார்கள். இரும்புக்கு ஆயுள் குறைவு. விதிகள் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் நிரலுக்கு ஆயுள் அதிகம்.

செய்து பாருங்கள்

1. நம் ஐந்தாணைப் பொறியில் இந்த வரிசை என்ன அச்சிடும்?
1 2 1 6 3 1 8 2 4 0

2. (2 + 3) × (4 + 5) என்ற கணக்கை நம் பொறியின் எண் வரிசையாக எழுதுங்கள்.

3. நண்பர்கள் மூவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் தீக்குச்சிகளை எண்ணி மட்டுமே கணக்கிட வேண்டும். ஒருவர் வாய்ப்பாட்டைப் பயன்படுத்தலாம். ஒருவருக்குக் கூட்டல் மட்டுமே தெரியும்; பெருக்கலைத் திரும்பத் திரும்பக் கூட்டித்தான் செய்ய வேண்டும். மூவருக்கும் ஒரே எண் வரிசையைக் கொடுங்கள். எடுத்துக்கொள்ளும் நேரம் வேறுபடும். விடை வேறுபடக் கூடாது. மூன்று கணிப்பொறிகளில் ஒரே மெய்நிகர் பொறியைக் குடியேற்றிவிட்டீர்கள்!

4. நம் பொறிக்கு '5 — கழி' என்று ஆறாவது ஆணை ஒன்றைச் சேர்ப்போம். 'மேலேயுள்ள இரண்டு எண்களை எடுத்துக் கழித்து, விடையை மேலே வை' என்று மட்டும் எழுதி மூவரிடமும் கொடுங்கள். பிறகு 1 9 1 4 5 4 0 என்ற வரிசையை நடத்தச் சொல்லுங்கள். என்ன நடக்கிறது?

விடைகள்: 1) 2 × 6 = 12; 12 + 8 = 20. 2) 1 2 1 3 2 1 4 1 5 2 3 4 0; இது 45 என அச்சிடும். 4) கீழேயுள்ள 9-இலிருந்து மேலேயுள்ள 4-ஐக் கழித்தவருக்கு 5 கிடைக்கும், மேலேயுள்ள 4-இலிருந்து கீழேயுள்ள 9-ஐக் கழித்தவருக்கு −5 கிடைக்கும். இருவர் மீதும் குற்றமில்லை. எதிலிருந்து எதைக் கழிக்க வேண்டும் என்று விதியில் நாம் சொல்லவில்லை. கூட்டலிலும் பெருக்கலிலும் வரிசை மாறினாலும் விடை மாறாததால், இந்தக் குறை இதுவரை நமக்குத் தெரியவில்லை. விதியைத் திருத்தி எழுதி, மூவரிடமும் மறுபடி கொடுத்துப் பாருங்கள்.